எழுபது மில்லி

சென்னியப்பன் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
விற்கும்போது அதை அவர் சொல்லவில்லை,
வாங்கும்போது நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
வெள்ளை ஃப்ரேம், கீறல் ஒன்றே ஒன்று,
கேட்டது பதினெட்டாயிரம், கொடுத்தது பதினாறரை.
"அம்பத்தாறு சைசுங்க. சீட்டை எறக்கிக்குங்க,
ஸ்டெம்மை மாத்தினாத் தீந்துது."
தீரவில்லை.

முதல் ஞாயிறு பல்லடம் வரை.
அடுத்த ஞாயிறு காங்கயம்.
போகையில் ஆடிக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது;
என் கால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.
திரும்புகையில் பாலக்காட்டுக் கணவாய் முழுசும்
நெஞ்சுக்கு நேரே திறந்திருந்தது.
குனியத்தான் வேண்டும். குனிந்தால்
கைப்பிடி இன்னும் ஒரு சாண் தள்ளி நிற்கிறது,
கடன் கேட்கப் போன வீட்டில்
வாசலுக்கு வராமல் உள்ளேயே நிற்கும் ஆளைப் போல.
படியூர் வருவதற்குள் பொடனி கல்லாகிவிட்டது.
சுண்டுவிரலும் மோதிரவிரலும் யாருடையவையோ.
டீக்கடையில் நிறுத்தினால்
குறுக்குக் குழாய் இடிக்கிறது,
நுனிக்காலில் நின்று டீ குடித்தேன்.

நூற்றுப்பத்து மில்லி ஸ்டெம்மைக் கழற்றினேன்.
பி.என். ரோட்டுக் கடையில் தொண்ணூறு.
அதுவும் போதாமல், எழுபது.
குழந்தைவேலு நாலு திருகையும் மாற்றி மாற்றி
கொஞ்சம் கொஞ்சமாய் முடுக்கினான்,
பொன் நிறுக்கிற முகத்தோடு.
"இதுக்கு மேல கொறச்சா வண்டி சொன்னதைக் கேக்காதுங்க."
எழுபதிலேயே கேட்கவில்லை.
தும்மினால் இடப்பக்கம் போகிறது.
ஊத்துக்குளி இறக்கத்தில் ஒரு வெள்ளாட்டுக்காக
நான் திருப்பியது விரலளவு,
சக்கரம் திரும்பியது அதன் இஷ்டத்துக்கு.
வெள்ளாடு பிழைத்தது.
முழங்கையில் எனக்கு எட்டணா அகலம்.

திங்கட்கிழமை. சாம்பிள் ரூம்.
பதினோரு வருடமாய் நான் பேட்டர்ன் வெட்டுகிற மேசை.
மெர்ச்சண்டைசர் பிருந்தன் ஒரு டி-ஷர்ட்டோடு வந்து நிற்கிறான்.
"பையர் கமெண்டுங்க்கா. கை நீளமாத் தொங்குதாம்.
ரெண்டு சென்டி வெட்டிரலாமா?"
சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமலே சொல்கிறேன்,
எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்னதை:
"கை சரியாத்தான் இருக்குது. தோள் பெருசு.
தோள் எறங்கி நின்னா கை நீளமாத்தான் தெரியும்.
கையை வெட்டாதே. தோளை மறுபடி போடு."

அவன் போய்விட்டான்.
கத்தரியைப் பிடித்தபடி நின்றேன்.
ஏனுங்க,
இந்த ஒன்றரை மாசமா
நான் எதை வெட்டிக்கொண்டிருந்தேன்?

மதியம் சுவரோரம் முதுகை ஒட்டி நின்று
பழைய அளவுப் புத்தகமொன்றைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி
தமயந்தியை டேப் பிடிக்கச் சொன்னேன்.
சிரித்தாள். பிடித்தாள்.
உள்கால் எழுபத்தைந்து.
அவளும் என்னைப் போல ஐந்தடி நாலுதான்.
அவளுக்கு எழுபத்தொன்பது.
அவளுக்குக் காலில் கொடுத்ததை
எனக்கு இடுப்புக்கு மேலே கொடுத்திருக்கிறது.
எங்கள் இருவர் கழுத்திலும் ஒரே லேபிள்: மீடியம்.
பதினோரு வருடத்தில்
அந்த மீடியத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஐம்பத்தாறை ஈரோட்டு வாலிபால்காரி
கருணாம்பிகா வாங்கிப் போனாள்.
"உன்ற உயரத்தைச் சொல்லு மொதல்ல, அப்புறம் வெலை பேசலாம்" என்றேன்.
ஏறி உட்கார்ந்தாள்,
கை தானாகப் போய்ச் சேர்ந்தது.
நூற்றுப்பத்தையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன்.
பதினைந்தாயிரம். ஒன்றரை நட்டம்,
ஸ்டெம் கணக்கு தனி.

இப்போது ஐம்பது.
தொண்ணூறு மில்லி அதில்தான் இருக்கிறது.
நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுசாய்.
காற்று குறையவில்லை,
படியூரில் இன்னும் மூச்சு வாங்குகிறது.
குனிகிறேன். பொடனி ஒன்றும் சொல்வதில்லை.
வலது சுண்டுவிரல் மட்டும் சில ஞாயிறுகளில்...
அதை அப்புறம் பார்க்கலாம்.

எழுபது மில்லியை யாரும் கேட்கவில்லை.
சாம்பிள் ரூம் மின்விசிறிக்குக் கீழே
பேட்டர்ன் தாள் பறக்காமல்
அதுதான் மேலே உட்கார்ந்திருக்கிறது.
நேற்று பிருந்தன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"என்னதுங்க்கா இது?"
கை, என்றேன்.
வெட்டின கை.